டாமிக்கு ஒரு தண்ணீர், தங்கமீனுக்கு ஒரு தண்ணீர்

பெங்களூரில் காவேரிக் குழாயிலிருந்து ஒரு கிண்ணம் தண்ணீர் பிடித்து வீட்டு நாய் டாமிக்கு வைத்தால், சளக் சளக் என்று குடித்துவிட்டு விளையாடப் போய்விடும். அதே தண்ணீரை அப்படியே மீன்தொட்டியில் நிரப்பினால் தங்கமீன் செத்துக்கூடப் போகலாம். தண்ணீர் ஒன்றுதான். பிறகு ஏன் இப்படி?

இந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குப் பக்கத்தில் பெரிய ஆறு இல்லை. அதனால் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி, தொரெகாடனஹள்ளி என்ற இடத்தில் காவிரித் தண்ணீரைச் சுத்தம் செய்து, வழியில் மூன்று இடங்களில் பம்பு வைத்து மேலே ஏற்றி அனுப்புகிறார்கள். 1974இல் முதல் கட்டம் வேலைசெய்யத் தொடங்கியது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத்தையும் திறந்துவிட்டார்கள்.

ஆற்றுத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத மண்துகள்கள் மிதக்கும். அவற்றின் மேல் எதிர் மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும், அடியில் படியாது. தண்ணீரில் சேர்க்கும் படிகாரம் அந்த மின்னூட்டத்தைத் தணிக்கிறது. துகள்கள் ஒட்டிக்கொண்டு கட்டிகளாகி அடியில் இறங்கும். நம் ஊர்ப்பக்கம் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிய வைப்பார்களே, அதுவும் இதே வேலைதான். தெளிந்த நீரை மணல் அடுக்குகள் வழியாக வடிகட்டி, கடைசியில் குளோரின் சேர்ப்பார்கள்.

குளோரின் கிருமியின் மேலுறையைக் கடந்து உள்ளே போய் அதன் புரதங்களைச் சிதைத்துவிடும். குழாயில் வரும் வழியெல்லாம் புதுக் கிருமி புகாமல் காக்க, வீட்டுக்கு வந்து சேரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர அளவு. இவ்வளவு சிறிய அளவு டாமியை ஒன்றும் செய்யாது. எச்சிலோடும் வயிற்றில் இருப்பவற்றோடும் கலந்து, ரத்தத்துக்குப் போகும் முன்பே குளோரின் வலுவிழந்துவிடும். மீனின் கதை வேறு. அதன் செவுள் மிக மெல்லிய தோல். அதற்குச் சற்று உள்ளேயே ரத்தம் ஓடுகிறது. மீன் மூச்சுவிடும் நேரமெல்லாம் தண்ணீர் அந்தத் தோலைத் தொட்டபடியே போகும். கிருமிக்கு நடந்தது செவுளுக்கும் நடக்கிறது.

மீனுக்கு என்ன செய்வது? வாய் அகன்ற வாளியில் தண்ணீர் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கி மருந்துகளில் பலவற்றிலும் இருப்பது சோடியம் தயோசல்பேட். அது சில நிமிடங்களிலேயே வேலையை முடித்துவிடும். எதைச் செய்தாலும் தொட்டித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

அப்படியென்றால் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பெங்களூரில் பல வீடுகளுக்குக் காவேரி வராது, போர்வெல் தண்ணீர்தான். பாறை இடுக்குகளில் தங்கியிருந்த போர்வெல் தண்ணீரில் கால்சியம், மக்னீசிய உப்புகள் அதிகம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது அதுதான். அதைக் குறைக்கத்தான் ஆர்.ஓ. கருவி. அதில் ஒரு மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தித் தள்ளுவதால் பெரும்பகுதி உப்பு பின்தங்கிவிடும்.

ஆனால் தங்கமீன் போன்ற நன்னீர் மீனின் உடம்பில் சுற்றியுள்ள தண்ணீரைவிட உப்பு அதிகம். அதனால் வெளித்தண்ணீர் ஓயாமல் அதன் உடம்புக்குள் ஊறிக்கொண்டே இருக்கும். மீன் அதைச் சிறுநீராக வெளியேற்றும். கூடவே போய்விடும் உப்பைச் செவுள் வழியாகத் தண்ணீரிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? மிகச் சுத்தமான அந்தத் தண்ணீரில் மீன் நாளாக நாளாக நலிந்துபோகும். எனக்கு இந்த அறிவியலிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்: எது சுத்தம் என்பதற்கு, யாருடைய உடம்புக்கு என்று கேட்காமல் பதில் சொல்லவே முடியாது.

நாய்க்கும் பூனைக்கும் கணக்கு எளிது. நீங்கள் குடிக்கும் தண்ணீரை அவற்றுக்கும் வையுங்கள். தண்ணீரைவிட நாம் மறந்துபோவது கிண்ணத்தை. நாய் நாக்கைப் பின்புறமாக மடித்துத் தண்ணீரை அள்ளும். அதில் நிறைய திரும்பக் கிண்ணத்திலேயே கொட்டும், எச்சிலோடு. பூனை நாக்கின் நுனியால் நீர்மட்டத்தைத் தொட்டுச் சட்டென்று இழுக்கும். கூடவே எழும்பும் நீர்த்தாரையை வாயால் கவ்விக்கொள்ளும், நொடிக்கு நான்கு முறை வரை! வேகமாகப் படம் எடுத்து அமெரிக்க விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்து 2010இல் அறிவித்தார்கள்.

இரண்டு நாள் கழுவாத கிண்ணத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்கிறதா? பாக்டீரியாக்கள் தங்களுக்கென்று பசை சுரந்து கட்டிக்கொண்ட குடியிருப்பு அது. அந்தப் பசைக்குள் இருப்பவற்றைக் குளோரின்கூட எளிதில் நெருங்க முடியாது. ஆர்.ஓ. தண்ணீரிலோ காவலுக்குக் குளோரினே இருக்காது. பழைய தண்ணீரின் மேல் புதுத் தண்ணீர் ஊற்றுவது போதாது. தினமும் சோப்பு போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, காயவைக்க வேண்டும். தடவிப் பார்த்த விரலையும் கழுவ மறக்காதீர்கள்.

நடைக்குக் கூட்டிப் போகும்போது டாமி ஏரியிலோ மழைக்குட்டையிலோ வாய் வைக்க விடாதீர்கள். பெல்லந்தூர் ஏரியில் கழிவுநீர் கலந்து நுரை பொங்கியதையும், 2017இலும் 2018இலும் அங்கே தீயே பிடித்ததையும் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பார்க்கத் தெளிவாக இருக்கும் குட்டையில்கூட எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். அதிலிருந்து வரும் எலிக்காய்ச்சல் நாயையும் தாக்கும், நம்மையும் தாக்கும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி உண்டு. கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

கோடையில் தெருநாய்களுக்கும் பறவைகளுக்கும் வாசலில் தொட்டி வைப்பவர்களா நீங்கள்? மிக நல்ல காரியம், அவசியம் செய்யுங்கள். ஆனால் ஒரு கவனம் தேவை: டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வாரம் ஒரு முறையாவது தேங்காய் நாரால் தொட்டியின் உட்சுவரை விளிம்பு வரை அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டு நிரப்புங்கள்.