வெல்டிங் வாயுவுக்குப் பணம் கட்டுமுன்

கலப்பைக் கொழு முறிந்தாலும், லான்ட்மாஸ்டர் பெட்டியின் சட்டம் விட்டுப்போனாலும் பட்டறைக்குக் கொண்டோடாமல் வளவுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளலாம் என்றுதான் நம்மவர் பலர் ஒரு சிறிய வெல்டிங் மெஷினை வாங்குகிறார்கள். குச்சி வெல்டிங் கைவந்ததும் பிள்ளைகள் கேட்பது வயர் ஓடும் மிக் மெஷின். அதனோடு சேர்ந்து வருவது வாயுச் சிலிண்டர். மெஷினின் விலையை விசாரிப்பவர்கள் சிலிண்டரின் செலவை விசாரிப்பதில்லை.

வாயு எதற்கு? உருகிய இரும்பில் காற்றுப் பட்டால் ஒட்டு துளைதுளையாகி நொருங்கும். காற்றை அண்டவிடாமல் போர்வைபோல மூடுவதே வாயுவின் வேலை. குச்சியில் இந்தப் போர்வை ஏற்கனவே இருக்கிறது. அதன் மேற்பூச்சு எரிந்து தானே வாயுவைத் தருகிறது. இம்முறையைக் கண்ட சுவீடன் நாட்டு ஒஸ்கார் செல்பெர்க் 1904இல் இதற்கென்றே எசாப் கம்பனியைத் தொடங்கினார். ஆகவே கலப்பை, கேற், பெட்டிச் சட்டம் போன்ற தடித்த இரும்புக்குச் சிலிண்டர் தேவையே இல்லை. சோளகம் வீசும் மாதங்களில் திறந்த முற்றத்தில் விலைகொடுத்து வாங்கிய வாயு பறந்துவிடும், குச்சியோ தாக்குப்பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் எரிபொருளும் சீமெந்தும் பசளையும் பற்றரியும் தாண்டிக்குளத்தோடு நின்றதை நாம் மறக்கவில்லை. 2002இல் திறந்த ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. ஈரம்படாமல் வைத்த இரண்டு பெட்டி குச்சி வீட்டிலேயே கிடக்கும். வாயு முடிந்தால் ஒவ்வொரு முறையும் வெளியே போய்த்தான் நிரப்பவேண்டும்.

தண்ணீர்த் தாங்கி, மட்காட் போன்ற மெல்லிய தகட்டில் குச்சி ஓட்டை போட்டுவிடும். அந்த வேலை அடிக்கடி வருமென்றால் மட்டும் மிக் மெஷினை யோசியுங்கள். அதற்கும் ஆகன் கலந்த விலைகூடிய வாயு வேண்டாம். சாதாரண இரும்புக்குத் தனிக் காபனீரொட்சைட்டு போதும். பொறி சற்றுக் கூடுதலாகத் தெறிக்கும், அவ்வளவுதான். அலுமினியத்துக்கு மட்டும் ஆகன் கட்டாயம்.

காபனீரொட்சைட்டு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால் சிறிய சிலிண்டரிலும் நிறையக் கொள்ளும். 1 கிலோ ஏறத்தாழ 540 லீற்றர் வாயுவாகும். நிமிடத்துக்கு 10 லீற்றர் விட்டால், 5 கிலோச் சிலிண்டர் நாலரை மணிநேரம் தொடர்ந்து எரியும். விட்டுவிட்டுச் செய்யும் வீட்டு வேலைக்கு இது பல மாதம் வரும். திரவம் தீரும்வரை மானியின் முள் பெரிதாக இறங்காது. எனவே அதை நம்பாமல் தராசில் நிறுத்துப் பாருங்கள். வெறுஞ் சிலிண்டரின் எடை கழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

மாத வாடகைச் சிலிண்டர் பட்டறைக்காரருக்கே கட்டும். எப்போதாவது ஒட்டுபவர் சொந்தமாகச் சிறியதொன்றை வாங்குவதே இலாபம். கடைசியாகப் பரிசோதித்த திகதியும் கழுத்தில்தான் இருக்கும். திகதி கடந்ததை நிரப்பும் இடத்தில் ஏற்கமாட்டார்கள்; எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். தீயணைப்புச் சிலிண்டரும் உதவாது. அதனுள் அடிவரை குழாய் இருப்பதால் திரவமே வெளிவந்து றெகுலேற்றரை உறையவைக்கும்.

சமையல் காஸ் சிலிண்டரில் இந்த வாயுவை நிரப்பலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கூடவே கூடாது. எமது வெயிலில் சமையல் வாயுவின் அழுத்தம் 10 பார் அளவில் நிற்கும். காபனீரொட்சைட்டோ 31 பாகையில் 73 பாரைத் தாண்டும். அந்த மெல்லிய தகடு வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் தப்பமாட்டார். இதே காரணத்துக்காகச் சரியான சிலிண்டரையும் நிழலில், நிமிர்த்திச் சங்கிலியால் கட்டி வையுங்கள். பூட்டிய அறைக்குள் கசிந்தால் மூச்சடைக்கும்.

காணி துப்பரவாக்கும்போது கிடைக்கும் சிலிண்டர், பீப்பா, இரும்புக் குழாய் எதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டவோ ஒட்டவோ வேண்டாம். 2009 வரை போர் நடந்த நிலம் இது. கறள் பிடித்த இரும்பு எது, வெடிக்காத குண்டு எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக் கிராம சேவையாளருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள்.