உழைச்செல்வார்க்கு உரிய சிறப்பு

மக்கள் நம்பிக்கை ஒன்றையே துணையாகக்கொண்டு புகும் இடங்களுள் வைத்தியசாலை தலையாயது. ஆங்குச் செல்வோர் தம் உடலையே பிறர் கையில் ஒப்புவிக்கின்றனர். தமக்குச் செய்யப்படுவது சரியோ பிழையோ என ஆராயும் ஆற்றல் அவர்க்குப் பெரும்பாலும் இல்லை. மேற்பார்வையாளர் எவருமில்லாத நள்ளிரவில், நினைவிழந்து கிடக்கும் ஒருவரைப் படுக்கைப்புண் உண்டாகாதவாறு புரட்டிப் படுக்கவைக்கும் தாதியின் செயலை அத்தாதி ஒருவரே அறிவார். ஆதலின் ஒரு வைத்தியசாலையின் உயர்வு அதன் கட்டடத்தாலும் கருவிகளாலும் மட்டும் அமைவதன்று. காண்பார் இல்லாத இடத்தும் ஊழியர் கைக்கொள்ளும் பண்பினால் அமைவது. அங்ஙனமாயின், அப்பண்பைக் கண்டு சிறப்பித்தல் எவ்வாறு? எதனைச் சிறப்பித்தால் நன்மை விளையும்? எதனைச் சிறப்பித்தால் தீமை விளையும்? இவ்வினாக்கள் ஆராயத்தக்கன.

நோய் தீர்வதற்கு மருத்துவனும் மருந்தும் மட்டும் போதா என்பது பழந்தமிழ்ச் சான்றோர் அறிந்த உண்மை. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளிலே, நோயுற்றவன், அந்நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார். இறுதியில் நின்றவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்பது பக்கம். இக்காலத்துத் தாதியரும், நோயாளரைத் தள்ளுவண்டியிற் கொண்டுசெல்வோரும், விடுதியைக் கழுவித் துடைப்போரும் இப்பெயருக்கு உரியவரே. இக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், உழைச்செல்வானுக்கு வேண்டிய இயல்புகளையும் நான்காக்கினார்: நோயாளனிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வல்லமை, அறிவு என்பன அவை.

இன்றைய வைத்தியசாலைகள் தம் கொள்கைகளாக எழுதிவைப்பனவும் பெரும்பாலும் இந்நான்கனுள் அடங்கும். 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தாதியர் தலைமைப்பீடம் ஆறு பண்புகளை வகுத்து வெளியிட்டது. பராமரிப்பு, பரிவு, திறமை, தொடர்பாடல், துணிவு, உறுதிப்பாடு என்பன அவ்வாறும். இவற்றுள் பழைய நான்கினும் வெளிப்படையாகக் கூறப்படாதது துணிவு ஒன்றே. சொல்லியவாறே செய்தல் நன்று. ஆயின் சொல்லப்பட்டது பிழையெனக் கண்டவிடத்து நிறுத்தும் துணிவும் வேண்டும். இத்துணிவைச் சிறப்பிப்பதே எல்லாவற்றினும் அரிது.

தாதியரைச் சிறப்பிக்கும் வழக்கம் போர்க்களத்தை ஒட்டித் தோன்றியது. விக்ரோறியா மகாராணியார் 1883இல் அரச செஞ்சிலுவை விருதை நிறுவினார். கிரைமியப் போரிலே புண்பட்ட வீரரைப் பேணிய புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் அவ்விருதை முதன்முதற் பெற்றவருள் ஒருவர். அவர் 1910இல் மறைந்தபின், அனைத்துலகச் செஞ்சிலுவை இயக்கம் 1912இல் வாசிங்ரன் நகரிற் கூடிய மாநாட்டில் அவர் பெயரால் ஒரு பதக்கத்தை ஏற்படுத்திற்று. இடையிலே உலகப்போர் மூண்டமையால் அது முதன்முதலாக 1920இலேயே வழங்கப்பட்டது. ஈராண்டுக்கு ஒரு முறை, உலகம் முழுவதற்குமாக 50 பேருக்கு மேற்படாமல் வழங்கப்படுவதாதலின் அதன் பெருமை மிகப் பெரிது. எனினும் இத்தகைய பதக்கங்கள் அருஞ்செயல் புரிந்த மிகச்சிலரையே சென்றடைவன. நாள்தோறும் செய்யப்படும் சிறு நன்மைகள் இவற்றின் கண்ணுக்கு எட்டா.

அக்குறையை நிரப்பும் முயற்சியொன்று ஐக்கிய அமெரிக்காவில் ஒரு குடும்பத்தின் துயரத்திலிருந்து பிறந்தது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் குருதித் தட்டுகளையே அழிக்கும் நோயினால் பற்றிக் பாண்ஸ் என்பவர் 1999ஆம் ஆண்டில், தம் 33ஆவது வயதில் இறந்தார். அவர் நோயுற்றிருந்த வாரங்களில் தாதியர் காட்டிய அன்பும் திறமையும் பெற்றோர், மனைவி ஆகியோர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அவ்வாண்டிலேயே அவர்கள் ஓர் அறநிலையத்தை நிறுவினர். நோயெதிர்ப்புத் தொகுதியைத் தாக்கும் நோய்கள் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் எழுத்துக்களைச் சேர்த்து, டெய்சி என்னும் பூவின் பெயரை அதற்கு இட்டனர். அவ்வறநிலையத்தின் விருதை இன்று பல நாடுகளிலும் ஆயிரக்கணக்கான நிலையங்கள் தத்தம் தாதியருக்கு வழங்குகின்றன.

இவ்விருதின் அமைப்பில் மூன்று சிறப்புக்கள் உள. முதலாவது, தகுதியுடையாரை எடுத்துக்கூறுவோர் நோயாளரும், அவர்தம் சுற்றத்தாரும், உடன் பணியாற்றுவோரும் ஆவர். செயலைப் பெற்றவரே சாட்சியாகின்றார். இரண்டாவது, எழுதுவோர் இவர் நல்லவர் என்று கூறி அமையாது, நிகழ்ந்தது யாது என்பதை எடுத்துரைத்தல் வேண்டும். மூன்றாவது, அளிக்கப்படுவது பணமுடிப்பன்று. சிம்பாப்வே நாட்டுச் சோனாச் சிற்பிகள் கல்லிற் கையாற் செதுக்கிய சிறு சிலையொன்று வழங்கப்படுகின்றது. அதனுடன் கறுவா மணக்கும் இனிப்புப் பணிசுகளும் பகிரப்படுகின்றன. உணவு செல்லாது கிடந்த பற்றிக், தந்தை கொணர்ந்த அத்தகைய பணிசை விரும்பித் தின்று, தாதியருக்கும் ஒரு பெட்டி வாங்கிவருமாறு வேண்டியதன் நினைவு அது. விருது தாதியருக்கே உரியதாதலின், ஏனைய ஊழியர் விடுபடாவண்ணம் சில வைத்தியசாலைகள் அப்பூவுக்குத் துணையாகத் தேனீயின் பெயரால் மற்றொரு விருதையும் வகுத்துள்ளன.

பணத்தை விலக்கியமை கருதத்தக்கது. ரிச்சட் ரிற்மஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1970இல் வெளியிட்ட நூலிலே, பிரித்தானியாவில் விலையின்றி ஈயப்பட்ட குருதியையும் அமெரிக்காவில் விலைக்குப் பெறப்பட்ட குருதியையும் ஒப்பிட்டு, அறத்தால் நிகழும் செயலுக்கு விலை குறித்தால் அறவுணர்வு தேயும் எனவும், பெறப்படும் பொருளின் தரமும் குன்றும் எனவும் வாதிட்டார். பரிவும் அத்தகையதே. இத்தனை புன்னகைக்கு இத்தனை வெகுமதி என அளந்தால் புன்னகை எஞ்சும், பரிவு எஞ்சாது.

அளவையே இலக்காகக் கொண்டதன் கேடு இங்கிலாந்தின் ஸ்ரபோட் நகர வைத்தியசாலையில் வெளிப்பட்டது. 2005 தொடக்கம் 2009 வரையான காலத்தில் அதன் நிருவாகம் செலவுச் சுருக்கத்தையும், அரசு விதித்த இலக்குகளையும், தன்னாட்சித் தகுதி பெறுவதையுமே பெரிதாக எண்ணிற்று. கணக்கேடுகள் ஒளிர்ந்தன, விடுதிகளிலோ நோயாளர் உணவும் நீரும் எட்டாமலும், அழுக்கடைந்த படுக்கையிலும் கிடந்தனர். றொபேட் பிரான்சிஸ் என்னும் சட்ட அறிஞரின் விசாரணை அறிக்கை 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில் 290 பரிந்துரைகளுடன் வெளிவந்தது. அவ்வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதியாயிருந்த எலீன் டொனலி என்பவர், நோயாளர் காத்திருந்த நேரம் பொய்யாகப் பதியப்படுவதையும் பிற கேடுகளையும் பன்முறை எழுத்தில் முறையிட்டவர். உடன் பணியாற்றினோர் சிலரின் அச்சுறுத்தலுக்கும் அவர் ஆளானார். 2014ஆம் ஆண்டின் புத்தாண்டுக் கௌரவப் பட்டியலில் அரசு அவரைச் சிறப்பித்தது. சிறப்பு வந்தது, ஆயின் உரிய காலத்தில், உரிய இடத்திலிருந்து வரவில்லை. முறையிட்ட முதல்நாளிலேயே அவர் குரலுக்கு மதிப்பளித்திருப்பின் பலர் துன்பம் தவிர்ந்திருக்கும்.

துணிவை வைத்தியசாலை தானே முன்வந்து போற்றுதல் இயலுமோ எனின், இயலும் என்பதற்கு அமெரிக்காவின் சியாற்றில் நகரிலுள்ள வேர்ஜினியா மேசன் வைத்தியசாலை சான்று. யப்பானிய மோட்டார் நிறுவனமான ரொயோற்றாவின் தொழிற்சாலைகளில், குறைகண்ட தொழிலாளி எவரும் வேலை ஓட்டத்தை நிறுத்தலாம். அம்முறையைப் பின்பற்றி 2002இல் இவ்வைத்தியசாலை, நோயாளர்க்கு ஆபத்து நேரும் எனக் கண்ட எந்த ஊழியரும் எச்சரிக்கை விடுத்துப் பணியை நிறுத்தலாம் என விதித்தது. ஆயினும் 2004 நவம்பரில், மேரி மக்கிளின்ரன் என்னும் 69 வயது மூதாட்டிக்கு மூளைக் குருதிக்குழாய்ச் சிகிச்சை நிகழ்ந்தபோது, உட்செலுத்தவேண்டிய சாயத்துக்குப் பதிலாகத் தோலைத் தூய்மையாக்கும் நச்சுக்கொல்லி மருந்து செலுத்தப்பட்டது. இரண்டும் நிறமற்ற திரவங்கள். பெயர் ஒட்டப்படாத கலங்களில் அருகருகே இருந்தன. மூதாட்டி இறந்தார்.

வைத்தியசாலை அதனை மறைக்கவில்லை. தன் பிழையை ஊழியருக்கும் ஊராருக்கும் வெளிப்படையாகக் கூறி மன்னிப்புக் கேட்டது. 2005இல் அம்மூதாட்டியின் பெயராலேயே ஒரு விருதை நிறுவி, நோயாளர் பாதுகாப்பை மேம்படுத்திய ஊழியர் குழுவுக்கு ஆண்டுதோறும் வழங்கத் தொடங்கியது. நிறுவனங்கள் தம் வெற்றியின் பெயரால் விருது வைப்பது உலக வழக்கு. இவ்வைத்தியசாலையோ தன் தோல்வியின் பெயரால் விருது வைத்தது. அதனைப் பெறுவோர், எதனை மறத்தலாகாதோ அதனையும் உடன் பெறுகின்றனர். இதனினும் தெளிவாக ஒரு கொள்கையை ஊழியர்க்கு உணர்த்துதல் அரிது.

இனி, பாராட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. பெருந்தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டில் பிரித்தானிய மக்கள் மார்ச் 26 தொடக்கம் பத்து வாரம் வியாழன்தோறும் வாயிலில் நின்று கைதட்டி வைத்தியசாலை ஊழியரைப் போற்றினர். 2021 யூலையில் நாட்டின் சுகாதார சேவை முழுவதற்கும் ஜோர்ஜ் சிலுவை விருது அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரிலோ, 1916இல் தோன்றிய அரச தாதியர் கல்லூரி என்னும் தாதியர் சங்கம், ஊதியமும் ஆட்பற்றாக்குறையும் காரணமாகத் தன் வரலாற்றிலே மிகப்பெரிய வேலைநிறுத்தத்தை நடத்தியது. கைதட்டல் பொய்யன்று, ஆயின் அது கூலிக்கும் ஓய்வுக்கும் ஈடாகாது. இருவர் பணியை ஒருவர் தலையிற் சுமத்தி, அவர் தாங்கியதற்குப் பட்டயம் அளித்தல் சிறப்பன்று.

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. விளைவை மட்டும் நோக்காது செயலை நோக்கிச் சிறப்பித்தல் வேண்டும். நன்கு பேணப்பட்ட நோயாளரும் இறத்தல் கூடும். பேசவியலா நோயாளரைப் பேணுவோர், கருவிகளைத் தொற்றுநீக்குவோர், சலவை செய்வோர் ஆகியோர்க்கு நன்றிக்கடிதம் எழுதுவார் இலர். ஆதலின் உடன் பணியாற்றுவோர் கண் அவர்பாற் செல்லுதல் வேண்டும். முறைவைத்து ஒருவர்பின் ஒருவராக அளிக்கும் விருது எவரையும் மகிழ்விப்பதில்லை. பிழையைச் சுட்டியவரைத் தண்டித்துவிட்டு, அதே மண்டபத்தில் நேர்மைக்கு விருது வழங்கினால், ஊழியர் கற்கும் பாடம் விருதினால் வருவதன்று, தண்டனையினால் வருவது.

உழைச்செல்வான் இன்றேல் ஏனை மூன்றும் பயன்படா என்பது திருவள்ளுவர் வகுத்த நான்கினின்றும் பெறப்படும். அந்நான்காம் கூறாகிய ஊழியரை மதிக்கும் வைத்தியசாலை, விழாநாளில் மாலையிடுவதோடு அமையாது. இது பிழை, நிறுத்துக என்று கடைநிலை ஊழியர் ஒருவர் கூறும் வேளையில், தலைமை மருத்துவர் கையை நிறுத்திச் செவிகொடுப்பாராயின், அதுவே அவ்வூழியர்க்கு அளிக்கும் முதற்சிறப்பு. பிற சிறப்புக்கள் யாவும் அதன் பின்னரே பொருளுடையனவாம்.