நகரும் நிலமும் நகராத நெருப்பும்

எரிமலைகள் எங்கே தோன்றுகின்றன? பள்ளிப் பருவத்தில் இக்கேள்விக்கு நான் எழுதிய விடை ஒரே வரிதான்: பாறைத்தட்டுகளின் விளிம்புகளில். முழு மதிப்பெண்ணும் கிடைத்தது. கல்லூரிக்கு வந்து, எங்கள் துறையின் சுவரில் தொங்கும் உலகப் படத்தை அருகில் நின்று பார்த்தபோதுதான் அந்த விடையில் ஓட்டை இருப்பது தெரிந்தது. பசிபிக் பெருங்கடலின் நட்டநடுவே, எந்தத் தட்டின் விளிம்பிலிருந்தும் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஹவாய்த் தீவுகள் நெருப்பைக் கக்குகின்றன. அங்கே அது எப்படி?

முதலில் விளிம்புகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். பூமியின் திண்ணிய மேலடுக்கு ஏறத்தாழ 100 கி.மீ. தடிமன் உடையது. அது ஒரே ஓடன்று. ஏழு பெரிய தட்டுகளாகவும் பல சிறு தட்டுகளாகவும் பிளவுபட்டு, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்கிறது. நம் விரல் நகம் வளரும் வேகந்தான்! தட்டுகள் விலகும் இடத்தில் அடியிலுள்ள சூடான பாறை மேலெழுகிறது. அழுத்தம் குறைவதால் உருகி வெளிவருகிறது. இதை ஐஸ்லாந்தில் தரையிலேயே காணலாம். தட்டுகள் பக்கவாட்டில் உரசிச் செல்லும் கலிபோர்னியாவின் சான் ஆண்டிரியாஸ் பிளவு போன்ற இடங்களில் நிலநடுக்கம் வரும். எரிமலை பெரும்பாலும் வராது.

மூன்றாவது வகை விளிம்பில் ஒரு கடல்தட்டு மற்றொன்றின் கீழே சரிந்து இறங்குகிறது. உராயும் சூட்டில் பாறை உருகுகிறது என்றே நானும் நண்பர்கள் பலரும் எண்ணியிருந்தோம். உண்மை வேறு. இறங்கும் தட்டு தன் கனிமங்களுக்குள் நீரைச் சுமந்து செல்கிறது. சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அந்நீர் பிழியப்பட்டு, மேலேயுள்ள சூடான பாறையில் கலக்கிறது. நீர் கலந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். ஆக, இங்கே நெருப்பை மூட்டுவது நீர்! ஜப்பானின் பியூஜி மலையும், 1883இல் வெடித்த கிரகடோவாவும் இவ்வாறு பிறந்தவையே. 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலையும், சுமத்திரா அருகே இத்தகைய விளிம்பு ஒன்று திடீரென வழுக்கியதால் எழுந்ததுதான்.

இனி ஹவாய். 1963இல் கனடா நாட்டு அறிஞர் டூசோ வில்சன் ஒரு கருத்தை வெளியிட்டார். முதலில் ஓர் ஆய்வு இதழ் அதைத் திருப்பி அனுப்பிவிட்டது என்பது நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதலான செய்தி. தட்டுக்குக் கீழே, ஆழத்தில், ஒரு வெப்பப் புள்ளி நிலையாக இருக்கிறது. அதன்மேல் பசிபிக் தட்டு வடமேற்காக நகர்ந்துகொண்டே செல்கிறது என்றார் அவர். அந்தப் புள்ளியில் உருகிய குழம்பு குழாய்வழியே ஓடி வருவதாக எண்ண வேண்டாம். திடப்பாறையே சூட்டினால் இலேசாகி மெல்ல மெல்ல மேலேறுகிறது. தட்டின் அடிப்புறத்தை நெருங்கியபின்தான் உருகுகிறது.

என் அம்மா தையல் வேலை செய்பவர். அவருடைய இயந்திரத்தைப் பார்த்தபோது எனக்கு இது விளங்கியது. ஊசி ஓரிடத்திலேயே ஏறி இறங்குகிறது, துணிதான் நகர்கிறது, தையல் வரிசையாக விழுகிறது. தீவுகளின் வயதும் அப்படியே. வடமேற்கிலுள்ள கவாய் தீவுக்குச் சுமார் 50 இலட்சம் ஆண்டு. ஓவாகு தீவுக்குச் சுமார் 30 இலட்சம். தென்கிழக்கில், இன்றும் எரிகின்ற ஹவாய் தீவுக்கு 10 இலட்சத்திற்கும் குறைவு. தீத்தெய்வமாகிய பேலே வடமேற்கிலிருந்து தீவு தீவாக இடம் பெயர்ந்து வந்தாள் என்று அத்தீவு மக்கள் சொல்லிவந்த கதையும் இதே வரிசையைத்தான் காட்டுகிறது.

கவாய்க்கு அப்பாலும் தையல் நிற்கவில்லை. கடலடி மலைகளாகத் தொடர்ந்து, ஓரிடத்தில் சட்டென்று வடக்கே வளைந்து, ரஷ்யாவின் கம்சட்கா அருகே போய் முடிகிறது. அந்த வளைவின் வயது சுமார் 4.7 கோடி ஆண்டு. அப்போது தட்டு திசை திரும்பியது என்று நூல்கள் கூறின. நானும் அம்மாவிடம் துணியைத் திருப்பிக் காட்டி விளக்கினேன்.

“ஏம்ப்பா, துணி திரும்பினாத்தான் வளையணுமா? ஊசி ஆடினாலும் தையல் கோணுமே,” என்றார்.

வெப்பப் புள்ளி ஆடாது அம்மா என்று சொல்லி முடித்துவிட்டேன். படித்தவன் என்ற எண்ணம்! வகுப்பில் பேராசிரியரிடம் தயங்கித் தயங்கி இதைச் சொன்னபோது, அவர் சிரிக்கவில்லை; 2001இல் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிக் கூறினார்.

எரிமலைக் குழம்பு இறுகும்போது, அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அவ்விடத்துக் காந்தப் புலத்தின் சாய்வைப் பதிந்து வைத்துக்கொள்கின்றன. அச்சாய்விலிருந்து பாறை எந்த அட்சரேகையில் பிறந்தது என்று கணிக்கலாம். புள்ளி நகராதது எனில், எல்லா மலைகளும் இன்றைய ஹவாயைப் போல் 19 பாகையில் பிறந்திருக்க வேண்டும். ஆய்வுக் கப்பல் அம்மலைகளைத் துளையிட்டு எடுத்த பழைய பாறைகளோ 30 பாகைக்கும் வடக்கே பிறந்தவை. அதாவது, வளைவுக்கு முன்னர் வெப்பப் புள்ளியே தெற்கு நோக்கி நகர்ந்திருக்கிறது. துணியும் திரும்பியது, ஊசியும் ஆடியது. எதன் பங்கு எவ்வளவு என்பதில்தான் இன்று அறிஞர்களுக்குள் வழக்கு.

அன்று மாலையே அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “அப்ப அடுத்த தையல் எங்க விழும்?” என்று கேட்டார். அதற்கு விடை தெரிந்திருந்தது. ஹவாய் தீவின் தென்கிழக்கே கடலுக்குள் ஓர் எரிமலை வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் உச்சி நீர்மட்டத்துக்கு இன்னும் ஏறக்குறைய 1,000 மீட்டர் கீழே இருக்கிறது.