மூச்சு வாங்காமல் படுத்த சர்வர்

காலை 10 மணிக்குத் தேர்வு முடிவு. 10.03-க்கு எங்கள் சர்வர் படுத்துவிட்டது. ராஜகீழ்ப்பாக்கத்தில், வேளச்சேரி சாலையை ஒட்டிய மாடி அறையில் உட்கார்ந்து நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பயிற்சி மையத்தின் தளம் அது. மெஷினுக்கோ மூச்சே வாங்கவில்லை. சிபியு பாதிக்கு மேல் சும்மா கிடந்தது, மெமரியும் தாராளம். மையத்துக்காரர் போனில், "பெரிய சர்வரா வாங்கிடலாமா சார்?" என்கிறார்.

வாங்கியிருந்தால் காசு தண்டம். வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் எர்ரர் லாகில் ஒரே வரி விழுந்துகொண்டே இருந்தது: 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'. லினக்ஸுக்குத் திறந்த கோப்பும் ஒன்றுதான், வந்து நிற்கும் ஆளின் இணைப்பும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒவ்வொரு எண் கொடுக்கும். ஒரு புராசஸுக்கு வழக்கமாக 1024 எண்கள். அதற்கு மேல் எண்ணத் தெரியாத 'செலக்ட்' என்ற பழைய சிஸ்டம் அழைப்பை இன்னும் நம்பியிருக்கும் புரோகிராம்களுக்காக விட்டுவைத்த கணக்கு. வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ், கேள்வியை உள்ளே இருக்கும் சர்வருக்குக் கைமாற்றும்போது ஆளுக்கு இரண்டு எண் செலவாகும். ஒரு வொர்க்கர் ஐந்நூறு பேரைத் தாண்டுவதற்குள் கதை முடிந்துவிடும்.

வரம்பை 65,535 ஆக்கி ரீஸ்டார்ட் செய்தோம். அசையவில்லை. அரை மணி நேரம் போனது இங்கேதான். நாங்கள் திருத்திய 'லிமிட்ஸ்.கான்ஃப்', லாகின் செய்து உள்ளே வருபவர்களுக்கானது. சிஸ்டம்டி தானே கிளப்பிவிடும் சர்வீஸ் அதை எட்டிக்கூடப் பார்க்காது. அதற்கு யூனிட் ஃபைலில் தனியாக எழுத வேண்டும். புராக் டைரக்டரியில், ஓடிக்கொண்டிருக்கும் புராசஸின் லிமிட்ஸ் கோப்பை முதலிலேயே திறந்திருந்தால் 1024 அப்படியே இருந்தது தெரிந்திருக்கும். கான்ஃபிக்கை நம்பினோம், புராசஸைக் கேட்கவில்லை.

எங்களுடையது சின்னக் கூட்டம். 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு, 18 வயது நிறைந்தவர்களுக்குக் கொரோனா தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளம் திறந்தபோது நிமிடத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் வந்ததாக அரசு சொன்னது. ஓடிபிக்காகப் போனையே வெறித்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

யூனிட் ஃபைலில் எழுதி எங்கள் கதவு அகலமானதும் கூட்டம் நேராக டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல்லில் போய் முட்டியது. அங்கே வழக்கமான வரம்பு 151 இணைப்பு. அதையும் ஏற்றியிருக்கலாம், ஆனால் ஒவ்வொரு இணைப்பும் மெமரியைத் தின்னும், எல்லை மீறினால் கர்னலே மைஎஸ்க்யூஎல்லைத் தீர்த்துக்கட்டிவிடும். ஆகவே அடுத்த தேர்வுக்கு வேறு வழி பிடித்தோம். முதல் நாள் இரவே பதிவெண்ணுக்கு ஒரு சின்னக் கோப்பாக முடிவுகளை எழுதி, பூட்டிய ஃபோல்டரில் வைத்தாயிற்று. 10 மணிக்கு அந்த ஃபோல்டரைத் திறந்துவிட்டதோடு சரி. மைஎஸ்க்யூஎல் பக்கம் யாரும் போகவில்லை.