ராக்கி மலைத்தொடரிற் பறவை நோக்கல்

பறவையைக் காண்டல் வேறு. பறவையை நோக்கல் வேறு. காண்டல் கண்ணின் தொழில். நோக்கலோ கண்ணொடு கருத்தும் பொறுமையும் ஒருங்கியைந்த தொழில். அதனைப் பயில்வார்க்கு வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடர் சிறந்ததொரு பள்ளியாகும். கானடா நாட்டிலிருந்து நியூ மெக்ஸிகோ வரை ஏறத்தாழ 3,000 மைல் நீண்டு கிடக்கும் இம்மலையில், உயரத்துக்கேற்ப மரமும், மரத்துக்கேற்பப் புள்ளும் மாறுபடுகின்றன.

விரைந்தோடும் சிற்றாறுகளில் டிப்பர் என்னும் சாம்பல்நிறச் சிறு பறவை நீரினுள் மூழ்கி, கற்களின்மேல் நடந்து புழுக்களைத் தேடும். மரங்களற்ற உச்சிப் பாறைகளில் வெண்வால் டார்மிகன் என்னும் கோழியினப் பறவை வாழும். கோடையிற் பாறையொத்த புள்ளிநிறமும், மாரியிற் பனியொத்த வெண்மையும் உடையதாதலின், அது காலடியில் இருப்பினும் புலப்படாது. அதனைக் காண விழைவோர் நடத்தலை விடுத்து நிற்றலைக் கற்றல் வேண்டும்.

மரவெல்லையை ஒட்டி வாழ்வது கிளார்க் கொட்டையுடைப்பான். 1805-ஆம் ஆண்டில் இம்மலைவழியே மேற்றிசை சென்ற வில்லியம் கிளார்க் கண்டு குறித்தமையின் இப்பெயர் பெற்றது. காக்கையினத்தைச் சார்ந்த இப்பறவை, சாம்பல்நிற உடலும் கருஞ்சிறகும் உடையது. தன் வரவைக் கரகரத்த குரலால் முன்னரே அறிவிக்கும். ஆகஸ்டு, செப்டம்பர்த் திங்கள்களில் வெண்பட்டைப் பைன் மரங்களினருகே அமைதியாய் அமர்ந்திருப்போர் இதன் தொழிலை நன்கு காணலாம். கூரிய அலகாற் காயைப் பிளந்து, விதைகளை நாவின்கீழுள்ள பையில் நிரப்பிக்கொண்டு பறக்கும். பின்னர் அவற்றைச் சில சிலவாக மண்ணிற் புதைக்கும். ஓராண்டிற் புதைப்பன பல்லாயிரம். திங்கள் பல கழிந்த பின்னும், அருகிலுள்ள கல்லும் மரமும் அடையாளமாகக் கொண்டு அவ்விடங்களைக் கண்டறியும். பனி நீங்குமுன்னரே கூடமைத்து, குஞ்சுகளையும் அவ்விதைகளால் வளர்க்கும்.

இதன்கண் ஒரு நுட்பம் உண்டு. அம்மரத்தின் காய் தானே வெடிப்பதன்று. விதைக்குச் சிறகும் இல்லை. ஆதலின் காற்று அதனைப் பரப்ப இயலாது. புள் எடுக்காது விட்ட விதைகளே முளைத்து மரமாகின்றன. உண்ணும் புள்ளே உழவனுமாகின்றது!

இவ்வுறவு இன்று இடருற்றிருக்கிறது. 1910-ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய நாற்றுக்களோடு மேற்குக் கரையிற் புகுந்த துருநோய்ப் பூஞ்சணமும், பட்டையைத் துளைக்கும் வண்டும் அம்மரங்களைப் பெரிதும் அழித்துவிட்டன. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அம்மரத்தை அழிவை எதிர்நோக்கும் இனமென அறிவித்தது. காய் குறையின் புள் வேறிடம் பெயரும். புள் பெயரின் விதைப்பார் இலர். காய் குறைந்த காட்டுக்கு இன்னும் புள் வருகின்றதா என்பதைக் கொண்டே, எங்கே மனிதர் நாற்று நடல் வேண்டும் என்று துணியலாம். ஆகவே, பொறுமையோடு அமர்ந்து ஒருவர் தம் குறிப்பேட்டில் எழுதும் நாளும் இடமும் எண்ணிக்கையும், வெறும் பொழுதுபோக்கல்ல; ஒரு காட்டின் வாழ்வுக்குச் செய்யும் உதவியாம்.