அக்னி வெயிலில் அல்லித் தொட்டி: காலை வெயிலும் மாலை நிழலும்

கடலூர் மாவட்டம் நெய்வேலி நகரியத்தில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் தொடங்கப்பட்டது. அதன் குடியிருப்புகளில் வீட்டைச் சுற்றித் தோட்டம் போட இடம் உண்டு. மாவும் பலாவும் வேம்பும் நிற்கும் இந்த வட்டங்களில் சிமென்ட் தொட்டி கட்டி அல்லி வளர்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு தொல்லைகள் வருகின்றன. மர நிழலில் வைத்தால் இலை மட்டும் பெருகும், பூ வராது. வெட்டவெளியில் வைத்தால் அக்னி நட்சத்திரத்தில் இலை ஓரம் கருகும், தண்ணீர் பச்சையாகும்.

2011 டிசம்பர் 30 அன்று வீசிய தானே புயல் இந்த வட்டாரத்தில் மரங்களை ஏராளமாகச் சாய்த்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் அழிந்தன. அப்படி நிழல் போன இடத்தில் தொட்டி வைத்தவர்கள், பிறகு நட்ட கன்று இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். முன்பு பூத்த தொட்டி இப்போது பூக்காமல் போக அதுவே காரணமாக இருக்கலாம்.

எவ்வளவு வெயில் தேவை?

அல்லி பூக்க நாளொன்றுக்கு 5 முதல் 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். அது குறைந்தால் இலைக்காம்பு வெயிலைத் தேடி நீளும், மொட்டு குறையும். ஆனால் அந்த வெயில் பிற்பகலில்தான் கிடைக்க வேண்டும் என்பதில்லை. எனவே தொட்டியை மரத்துக்கோ வீட்டுச் சுவருக்கோ கிழக்குப் பக்கம் வையுங்கள். காலை முழுவதும் வெயில் விழும், கொதிக்கும் பிற்பகலில் நிழல் கிடைக்கும். வேறு இடமே இல்லை என்றால், மே மாதத்தில் மட்டும் மேற்குப் பக்கம் பச்சை நிழல்வலை கட்டலாம்.

சூடு என்ன செய்கிறது?

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரையும்; 35 டிகிரியில் 7 மில்லிகிராம்தான். அந்த நிலையில் மரத்திலிருந்து விழுந்த சருகும் அழுகினால், மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் அது எடுத்துக்கொள்ளும். மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அதனால் சருகை அன்றன்றே அள்ளிவிடுங்கள்.

ஆழமில்லாத தொட்டிதான் சீக்கிரம் சூடேறும். மண்ணுக்கு மேல் ஒன்றரை அடித் தண்ணீராவது நிற்கட்டும். 3 அடிக்கு 3 அடி தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் சுமார் 8 லிட்டர், அதாவது அரைக் குடம் போயிற்று என்று கணக்கு. அதை மாலையில் ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் வெதுவெதுப்பாக வந்தால் வாளியில் பிடித்து ஆறவிட்டு, சற்று உயரத்திலிருந்து ஊற்றினால் காற்றும் கலக்கும்.

அல்லி இலையே தண்ணீருக்குக் குடை. நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடியிருந்தால் பாசி அடங்கும், சூடும் தணியும். இந்த இலையின் சுவாசத் துளைகள் மேல்பக்கம் இருப்பதால், தூசு படிந்தால் பூவாளியால் கழுவிவிட வேண்டும்.

வகை பார்த்து வாங்குங்கள்

நர்சரியில் ஹார்டி, டிராபிக்கல் என்று இரண்டு வகை விற்பார்கள். ஹார்டி குளிர்நாட்டு வகை. இலை விளிம்பு வழவழப்பாக இருக்கும், பூ நீரை ஒட்டியே மிதக்கும். டிராபிக்கல் வகையில் பெரும்பாலும் இலை விளிம்பு பல் பல்லாக இருக்கும், பூ நீருக்கு மேலே நிமிரும். நம் கோடையைத் தாங்குவது இரண்டாவதுதான். இலங்கையின் தேசிய மலரான நீலோற்பலமும் நம் ஏரிகளில் பூக்கும் அல்லியும் இந்த இனமே.

நெய்வேலிச் செம்மண் மட்டும் போதாது. ஏரி வண்டல் பாதி சேருங்கள். பச்சைச் சாணம் போட்டால் தண்ணீர் கெடும். மண்புழு உரத்தைக் காகிதத்தில் பொதிந்து வேருக்கருகே சேற்றில் புதைத்தால் போதும். கொசு வராமல் இருக்க நாலைந்து கப்பி மீன் விடுங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் தொட்டிக்குக் கம்பிவலை மூடி கட்டாயம்.

வாசகர் கேள்வி

கேள்வி: வெள்ளை அல்லி மொட்டு விடுகிறது, மதியம் பார்த்தால் மூடியே இருக்கிறது. நோயா?

பதில்: நோயில்லை. அது இரவில் மலரும் வகை. அந்தி சாய்ந்தபின் விரிந்து, மறுநாள் முற்பகலில் மூடிக்கொள்ளும். விடியற்காலையில் பாருங்கள்.

கேள்வி: வெயிலில் நாட்டு அல்லி இலை எல்லாம் கருகிவிட்டது. பிடுங்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். சேற்றில் கையை விட்டுக் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஏரி வற்றும்போது நாட்டு அல்லி சேற்றுக்குள் உறங்கி, மழை வந்ததும் துளிர்ப்பது இப்படித்தான். கருகிய இலையை வெட்டிவிட்டு, சேறு காயாமல் நிழலில் வையுங்கள். மழை தொடங்கியதும் வெயிலுக்கு மாற்றி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். கிழங்கு கொழகொழவென்று நாறினால் மட்டும் எடுத்து எறியலாம்.