கல்லில் இடம்பெறாத பெயர்கள்

புனே நகரின் வடமேற்கே, முளா ஆற்றங்கரையில் அமைந்த போபோடிக்குக் கட்கி கண்டோன்மென்ட் அடுத்த வீடு போன்றது. பம்பாய்ச் சாப்பர் படையின் தலைமையகமும், 1869-இல் தோன்றிய வெடிமருந்துத் தொழிற்சாலையும் அங்கேதான் உள்ளன. இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு இராணுவம் புதிய செய்தியன்று.

கட்கியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மாண்ட 1,668 பேர் துயில்கின்றனர். முதற்போரின் போது இந்தியாவில் இறந்த 1,800-க்கும் மேற்பட்டோரின் பெயர்களும் அங்குள்ள நினைவுச் சின்னத்தில் காணப்படுகின்றன. பல ஊர்களிற் சிதறிக் கிடந்த அவர்தம் கல்லறைகளைத் தொடர்ந்து பேண இயலாமற் போகவே, பெயர்களேனும் ஓரிடத்தில் நிலைக்கட்டும் என்று செய்த ஏற்பாடு அது.

நல்ல ஏற்பாடுதான். ஆயினும் கல் மாண்டவரை மட்டுமே கணக்கிடுகிறது. உயிரோடு திரும்பி, ஓய்வுபெற்று, அயல்மொழி வழங்கும் தெருவில் நம்மவர்க்கு மனு எழுதித் தந்தும், பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தும் வாழ்ந்த முதியவருக்கு எந்தக் கல்லிலும் இடமில்லை. அவருக்கு உரிய இடம் கண்காட்சியே. அதற்கு ஒரு பள்ளிக்கூட அறையும் நான்கு மேசைகளும் போதும்.

காட்சிக் குறிப்பு எவ்வாறு அமைய வேண்டும்? மேஜர் இராமசாமி பரமேசுவரனை எடுத்துக்கொள்வோம். 1946-இல் மும்பையில் பிறந்த தமிழர். 1972-இல் மகார் படைப்பிரிவில் அதிகாரியானவர். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில், மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்டு வீழ்த்தி, இறுதிவரை ஆணையிட்டு உயிர்நீத்தார். மறைவுக்குப்பின் பரம வீர சக்கரம் வழங்கப்பெற்றது. 2023-இல் அந்தமான் தீவொன்றும் அவர் பெயரைப் பெற்றது. தமிழர் ஒருவர் தமிழ்ப் போராளிகளோடு நிகழ்ந்த சண்டையில் மாண்டார் என்பதை மறைத்தெழுதினால் அக்குறிப்பு பொய்யாகும். பாராட்டுரை மிகும் இடத்தில் மனிதர் மறைந்துவிடுவார்.

குறிப்புகளைத் தமிழிலும் மராத்தியிலும் எழுதுவது நன்று. அண்டை வீட்டாரும் படிக்கட்டும். சுபேதார், அவில்தார் முதலிய பதவிப் பெயர்களை அப்படியே விடலாம். மொழிபெயர்ப்பே நம் தொழில். எனினும் இதில் நாம் கை வைப்பதில்லை.

பொருள்களைத் திரட்டுவதில்தான் அவசரம் உண்டு. முதற்போரில் வழங்கிய வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். தட்டான் கடையில் அது வெறும் வெள்ளி. உருக்கினால் பெயரும் போயிற்று. வீட்டில் இருப்பின், புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டா, எழுத்துகள் தேய்ந்துவிடும். படைவிடுப்புப் புத்தகத்தைக் கறையான் அண்டாத இடத்தில் வைத்து, காட்சிக்கு நகலை மட்டும் தருக. புகைப்படத்தின் பின்புறம் பென்சிலால், மெல்ல அழுத்தி, பெயரெழுதுக. குழுப் படமாயின், அதிலிருப்போரை அறிந்த முதியவரை அருகில் அமர்த்தி, இடமிருந்து வலமாக ஒவ்வொருவரையும் கேட்டெழுதுக.